முதலில் தரை, பிறகுதான் தடை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வார இறுதிகளில் பீஷான் - அங் மோ கியோ பூங்காவிலும் வெஸ்ட் கோஸ்ட் பூங்காவிலும் உள்ள நாய்த் திடல்களுக்குப் போனால், நாயைத் தடை தாண்ட வைக்கப் பாடுபடும் குடும்பங்களைப் பார்க்கலாம். நாயும் அதை வளர்ப்பவரும் சேர்ந்து ஓடும் அஜிலிட்டி எனும் தடையோட்டப் போட்டிகளின் காணொளிகளைப் பார்த்து ஆசைப்பட்டு, மடக்குத் தடையும் துணிச் சுரங்கமும் வாங்கி வந்திருப்பார்கள். நாய் தடைக்கு முன்னால் நின்று தரையை முகரும். கயிற்றைப் பிடித்து இழுப்பார்கள். நாய் சுற்றிக்கொண்டு போய்விடும். "இதற்கு அஜிலிட்டி சரிப்படாது" என்று முடிவுகட்டி, வாங்கிய சாமான்கள் கட்டிலுக்கடியில் போய்விடும்.

அந்த நாயிடம் குறை எதுவும் இல்லை, தொடங்கிய இடம்தான் தவறு. முதல் நான்கு மாதங்களுக்குத் தடை எதுவுமே தேவையில்லை என்பதைச் சொல்லவே இக்கடிதம். அந்த நான்கு மாதங்களில் என்ன செய்வது, பிறகு எதை எந்த வரிசையில் சேர்ப்பது என்பதையும் எழுதுகிறோம்.

இவ்விளையாட்டு 1978ல் லண்டன் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், இடைவேளையில் பார்வையாளர்களுக்காக நடத்திய ஒரு காட்சியாகத் தொடங்கியது. குதிரைகளின் தடை தாண்டும் போட்டியை ஒட்டி அமைத்தார்கள். இன்று நாடுதோறும் விதிகள் சற்றே மாறுபடுகின்றன. எஃப்சிஐ எனும் அனைத்துலக நாய்ச் சங்கங்களின் கூட்டமைப்பு வகுத்த விதிகளைப் பல நாடுகள் பின்பற்றுகின்றன. அதன்படி தோள்பட்டை உச்சியில் நாயின் உயரத்தை அளந்து பிரிவு தீர்மானிக்கப்படும். 35 செ.மீ.க்குக் கீழே ஸ்மால், 43க்குக் கீழே மீடியம், 48க்குக் கீழே இன்டர்மீடியட், அதற்கு மேல் லார்ஜ். ஸ்மால் பிரிவுக்குத் தடை 25 முதல் 30 செ.மீ., லார்ஜ் பிரிவுக்கு 55 முதல் 60 செ.மீ. நாய்க்கு 18 மாதம் நிரம்பியிருக்க வேண்டும். பெயர் கொடுக்குமுன் ஏற்பாட்டாளர்கள் எந்த விதிமுறையைப் பின்பற்றுகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். உயரம், வயது, கழுத்துப் பட்டை எல்லாம் அதைப் பொறுத்தவை.

போட்டிக் காணொளிகளில் பெரும்பாலும் பார்டர் காலிதான் ஓடும். அந்த இனம் வீவக எனும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் வளர்க்க அனுமதிக்கப்பட்ட பட்டியலில் இல்லை. வருந்த வேண்டாம். பட்டியலில் உள்ள பூடில், பாப்பியோன், ஜேக் ரசல், மினியேச்சர் ஷ்னாவ்சர் ஆகியவை இதற்கு நன்றாகப் பொருந்தும். அடோர் திட்டத்தின்கீழ் தத்தெடுக்கப்படும் நம் ஊர்க் கலப்பின நாய்கள் ஒல்லியான, நீண்ட கால்கள் கொண்ட நாய்கள். இயல்பாகவே நன்றாகத் திரும்பும். அவற்றில் பல, அந்நிய இடத்திலும் அந்நிய மனிதர் முன்னும் மிரளும் என்பதுதான் அவற்றுக்குக் கூடுதல் காலம் கொடுக்கக் காரணம். பக், பிரெஞ்ச் புல்டாக் போன்ற தட்டை மூக்கு நாய்களை மட்டும் நம் வெயிலில் இந்த ஓட்டத்துக்குப் பழக்க வேண்டாம் என்றே சொல்வோம். நீண்ட முதுகுள்ள டாக்ஸ்ஹண்டுக்கு முதுகெலும்புத் தட்டு நழுவும் ஆபத்து உண்டு, தாண்டவே விடக்கூடாது.

இனி வீட்டுக்குள் செய்ய வேண்டியவை. வீவக வீட்டின் டைல்ஸ் தரை நாயின் கால்களுக்கு எதிரி. வழுக்கும் தரையில் திரும்பப் பழகும் நாய், பின்னங்கால்களை அகட்டி, பயந்து பயந்து திரும்பும். அந்தப் பழக்கம் புல்தரைக்குப் போனாலும் விடாது. இடுப்புக்கும் முழங்காலுக்கும் கேடு. இரண்டு யோகா பாய்களையோ, குழந்தைகள் விளையாடும் கோத்து விரிக்கும் நுரைப்பாய்களையோ விரித்து, அதன் மேல்தான் பயிற்சி. நகம் தரையில் தட்டும் சத்தம் கேட்கக்கூடாது, கேட்டால் வெட்ட வேண்டிய நேரம். உள்ளங்கால் மெத்தைகளுக்கு இடையில் வளரும் முடியையும் கத்தரித்துவிடுங்கள்.

தீனி கொண்டைக்கடலையில் பாதி அளவு போதும். உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்த கோழிநெஞ்சு நல்லது. ஒரு பயிற்சி மூன்று நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று முறை. அன்றைய சாப்பாட்டிலிருந்து அந்த அளவைக் கழித்துவிட வேண்டும். விலா எலும்புகள் கண்ணுக்குத் தெரியாமல், விரலால் தடவினால் எளிதில் தட்டுப்பட வேண்டும். அழுத்தித் தேட வேண்டியிருந்தால் எடை குறைந்த பிறகுதான் தாண்டுவதைப் பற்றி யோசிக்கலாம்.

முதல் பாடம் விளையாட்டு. இழுக்கும் பொம்மையை உங்களோடு சேர்ந்து இழுக்கவும், சொன்னதும் விடவும் நாய் கற்க வேண்டும். தீனி மட்டுமே தெரிந்த நாய் உங்கள் கையையே பார்த்துக்கொண்டு ஓடும், முன்னால் இருக்கும் தடையைப் பார்க்காது. பொம்மையை முன்னால் எறிய முடிந்தால்தான் நாயின் கண் முன்னே போகும்.

அடுத்தது பின்னங்கால்கள். நாய்க்குத் தன் முன்னங்கால்கள் எங்கே இருக்கின்றன என்று தெரியும், பின்னங்கால்கள் தானாகப் பின்னால் வருகின்றன என்றே நினைத்துக்கொண்டிருக்கும். தடையில் கம்பி தட்டிவிடுவதும் பலகையில் கால் தவறுவதும் இதனால்தான். கனமான, ஆடாத, 10 செ.மீ. உயரமுள்ள பெட்டி ஒன்றின் மேல் முன்னங்கால்களை வைக்கச் செய்து, நீங்கள் நாயின் தோளை நோக்கி மெல்ல நடந்தால் அது பின்னங்கால்களை நகர்த்திப் பெட்டியைச் சுற்றும். கால்வாசிச் சுற்றுக்கு ஒரு தீனி. இரண்டு பக்கமும் சமமாகச் செய்ய வேண்டும். நான்கு துடைப்பக் கட்டைகளைத் தரையில் ஒரு முழ இடைவெளியில் போட்டு, மெதுவாக நடந்து கடக்கச் செய்வதும் இதற்குத்தான். ஓடவிடாதீர்கள், ஓடினால் எண்ணாமல் தாவிவிடும்.

மூன்றாவது, நின்ற இடத்தில் காத்திருப்பது. போட்டியில் நாயைத் தொடக்கக் கோட்டில் விட்டுவிட்டு நீங்கள் இரண்டு மூன்று தடைகள் முன்னே போய் நிற்கும் நேரத்துக்காக இது. ஒரு அடி விலகித் திரும்பி வந்து தீனி கொடுங்கள். பிறகு இரண்டு அடி. நாய் எழுந்துவிட்டால் திட்டாதீர்கள், அது தாங்கும் தூரத்தைத் தாண்டிவிட்டீர்கள் என்று பொருள். கவனிக்க வேண்டிய ஒன்று: பத்தில் ஏழு முறை நீங்களே திரும்பிப் போய்த் தீனி கொடுக்க வேண்டும். எப்போதும் தூரத்திலிருந்தே கூப்பிட்டால், நாய் நிற்பதை விட்டுப் புறப்படுவதைத்தான் எதிர்பார்க்கும். போட்டி நாளில் கோட்டை விட்டு ஊர்ந்து வரும் நாய்கள் எல்லாம் இப்படி உருவானவை.

நான்காவது, உங்கள் கால்கள். நாய் உங்கள் சொல்லைவிட உங்கள் பாதமும் தோளும் காட்டும் திசையையே நம்புகிறது. நாயின் முன்னால் புகுந்து, அதைப் பார்த்தபடியே திரும்பி மறுபக்கம் போவது ஃபிரன்ட் கிராஸ். நாயை முன்னால் விட்டு, அதன் பின்னால் பக்கம் மாறுவது ரியர் கிராஸ். இரண்டையும் நாய் இல்லாமலே பழகலாம். வரவேற்பறையில் இரண்டு நாற்காலிகளை வைத்து எட்டுப் போட்டு நடங்கள். தலை சுற்றாமல், கை வீசாமல், எந்தப் பக்கம் திரும்பினாலும் கால் தடுமாறாமல் வரும்வரை நாயைக் கூட்டாதீர்கள்.

சொற்களைப் பற்றி நம் வாசகர்களுக்காகத் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழில் கட்டளையிடுவது முழுக்க முழுக்கச் சரி, நாய்க்கு மொழி எதுவானாலும் ஒன்றுதான். ஆனால் ஓடும்போது கேட்பது சொல்லின் முதல் ஓசையும் நீளமும் மட்டுமே. 'தாண்டு', 'தொடு' இரண்டும் தகரத்தில் தொடங்கி டுவில் முடிகின்றன, மூச்சு வாங்க ஓடுகையில் ஒன்றுபோலவே ஒலிக்கும். 'ஏறு', 'இரு' இரண்டுக்கும் அதே சிக்கல். 'வா', 'வலம்' என்று வைத்தால் வலப்பக்கம் திரும்பச் சொல்லும்போது நாய் உங்களிடம் வரும். 'தாண்டு' தடைக்கு, 'குகை' சுரங்கத்துக்கு, 'ஏறு' பலகைக்கு, 'பாதம்' பலகையின் முடிவில் நிற்க, 'நில்' தொடக்கக் கோட்டுக்கு என்று வைத்தால் ஒன்றோடொன்று குழம்பாது. எந்தச் சொல்லானாலும் வீட்டில் எல்லாரும் அதையே சொல்ல வேண்டும். தாத்தா 'உட்காரு' என்பதும் பிள்ளைகள் 'சிட்' என்பதும் நாய்க்கு இரண்டு வெவ்வேறு பாடங்கள்.

வீட்டுக்கு வெளியே உள்ள நடைபாதையில் கம்பங்களை நட்டுப் பழக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். அது தீயணைப்புக்கும் அவசரத்துக்கும் காலியாக இருக்க வேண்டிய வழி. புளோக்கின் கீழ்த்தளத்துச் சிமெண்டுத் தரையும் தாண்டுவதற்கு ஆகாது. காலூன்றும் அதிர்ச்சி முழுவதையும் தோள் மூட்டே தாங்க வேண்டிவரும். தாண்டுவது என்றால் புல், அல்லது பயிற்சி நிலையங்களில் உள்ள ரப்பர், செயற்கைப் புல் தரை.

இந்த நிலைக்கு வருமுன் கால்நடை மருத்துவரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள். பூடில், பொமரேனியன், சிவாவா போன்ற சிறு இனங்களில் முழங்கால் சில்லு நழுவுவது சாதாரணம். ஓடும்போது இரண்டடி மூன்று காலில் தத்திவிட்டு மறுபடி நான்கு காலில் ஓடினால், அது சேட்டை இல்லை, இதுதான். எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் மூடுவதற்குச் சிறு நாய்களுக்கு ஏறத்தாழ ஒரு வயதும் பெரியவற்றுக்கு ஒன்றரை வயதும் ஆகும். அதுவரை தடையின் கம்பி தரையில் கிடக்கட்டும், கம்பங்களுக்கு ஊடே வளைந்து ஓடும் பயிற்சி வேண்டவே வேண்டாம்.

இப்போது தடைகள். சுரங்கம்தான் முதலில், நாய்க்கு அதுவே எளிது. 60 செ.மீ. விட்டமுள்ள டனலை ஒரு மீட்டருக்குச் சுருக்கி, மறுமுனையில் உங்கள் முகம் தெரியும்படி உட்காருங்கள். பிறகு மெல்ல நீட்டி, கடைசியில் வளையுங்கள். இருபுறமும் மணல்மூட்டை வைத்து அசையாமல் கட்ட வேண்டும். உருளும் டனலுக்குள் ஒரு முறை விழுந்த நாய் மாதக்கணக்கில் வாயிலேயே நின்றுவிடும்.

தாண்டும் தடையைப் பேட்டை வன்பொருள் கடையில் கிடைக்கும் பிவிசி குழாயிலேயே செய்துகொள்ளலாம். கம்பி 1.2 மீட்டர் நீளம், பட்டால் உடனே கீழே விழ வேண்டும், எந்தப் பக்கமிருந்து பட்டாலும் விழ வேண்டும். கட்டிவைத்த கம்பி காலை முறிக்கும். முதல் மாதம் 10 செ.மீ.க்கு மேல் வேண்டாம். உயரத்தைவிட, இரண்டு தூண்களுக்கு நடுவே எந்தக் கோணத்திலிருந்தும் நாய் வழி தேடிப் புகுவதே பாடம். கம்பி தொடர்ந்து விழுந்தால் நாயைக் குறை சொல்லுமுன் மூன்றைப் பாருங்கள். நாய் காற்றில் இருக்கும்போது பெயரைக் கூப்பிட்டீர்களா? கூப்பிட்டால் தலை திரும்பும், பின்னங்கால் தொங்கும், கம்பி விழும். திசையைத் தாமதமாகக் காட்டினீர்களா? எங்கே திரும்ப வேண்டும் என்பது நாய் கிளம்புமுன் தெரிய வேண்டும். இரண்டும் இல்லையென்றால் வலி, அல்லது பார்வை. மருத்துவரிடம் போங்கள்.

கூரைபோல் இருபுறமும் சாய்ந்த ஏ-ஃபிரேம், உயரமான பலகைப் பாலமான டாக்-வாக், நாய் ஏறியதும் மறுபக்கம் சாயும் பலகையான சீசா மூன்றையும் வீட்டில் செய்யாதீர்கள். ஏ-ஃபிரேமின் உச்சி 1.7 மீட்டர், டாக்-வாக் ஏறத்தாழ 1.2 மீட்டர் உயரத்தில் 30 செ.மீ. அகலமே உள்ள பலகை. சொரசொரப்பு குறைந்த சொந்தத் தயாரிப்பில் விழுந்தால் நாயின் துணிச்சலே போய்விடும். நம் ஊரில் மழை பெய்து ஓய்ந்த பிறகு பலகை காய்ந்துவிட்டதா என்று உள்ளங்கையால் அழுத்திப் பார்த்த பிறகே ஏற்றுங்கள். இறங்கும் முனையில் வேறு நிறம் பூசிய பகுதியில் குறைந்தது ஒரு பாதமாவது பட வேண்டும், தாவி இறங்கினால் தவறு. இதற்கு எளிய வழி, பின்னங்கால்கள் பலகையிலும் முன்னங்கால்கள் தரையிலுமாக நிற்கப் பழக்குவது. அந்தப் பாடத்தை வீட்டில் ஒரு தாழ்ந்த, அகலமான பலகையில் முடித்துவிடலாம். தீனியை நாயின் மூக்குக்கு நேர்கீழே, தரையில் வையுங்கள். கையை உயர்த்திக் கொடுத்தால் தலை உயரும், பின்னங்கால் இறங்கிவிடும்.

சீசாவில்தான் அதிக நாய்கள் பயந்துபோகின்றன. காரணம் உயரம் இல்லை, சத்தம். பலகை தரையில் மோதும் ஒலியை முதலில் தனியாகப் பழக்க வேண்டும். பலகையின் நுனிக்குக் கீழே மெத்தையை வைத்து, இரண்டு விரற்கடை மட்டும் இறங்கும்படி செய்து, தரையில் நின்றபடியே நாய் அதைத் தன் முன்னங்காலால் தட்டட்டும். தட்டினால் சத்தம், சத்தம் வந்தால் தீனி. சத்தத்தை உண்டாக்குவது தானே என்று நாய்க்குப் புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பிறகு இருமுனைகளுக்கும் முட்டுக் கொடுத்து, நுனி 10 செ.மீ. மட்டுமே இறங்கும்படி நடக்கவிடுங்கள். வாரத்துக்குச் சிறிது மட்டும் அந்த முட்டுகளின் உயரத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். எடை குறைந்த நாய்க்குப் பலகை மெதுவாகத்தான் சாயும், எனவே நடுவைத் தாண்டி நுனிவரை போகக் கற்க வேண்டும். நடுவிலேயே நின்று சாயக் காத்திருக்கும் நாய் நேரத்தை இழக்கும். பயந்து பக்கவாட்டில் குதித்தால் அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள், மறுநாள் இரண்டு படி பின்னால் போய்த் தொடங்குங்கள். மறுபடி தூக்கி வைப்பதுதான் செய்யக்கூடாத ஒன்று.

நாய் ஊடே வளைந்து வளைந்து ஓட வேண்டிய வீவ் கம்பங்கள் மற்ற எல்லாவற்றையும் சேர்த்ததைவிட அதிகக் காலம் எடுக்கும். போட்டியில் 12 கம்பங்கள், இடைவெளி 60 செ.மீ., முதல் கம்பம் நாயின் இடத்தோள் பக்கம் வரும்படி நுழைய வேண்டும். வளைந்து ஓடுவது நாய்களுக்கு எளிதில் வந்துவிடும், நுழைவுதான் கடினம். ஆகவே இரண்டே கம்பங்களோடு தொடங்குங்கள். அவற்றை வாசல்போல நேரெதிரே நிற்கவைத்து, நாய் நடுவே புகுந்ததும் பொம்மையை முன்னால் எறியுங்கள். சில நாட்களுக்கு ஒரு முறை வாசலைச் சற்றே திருப்பித் திருப்பி, கடைசியில் இரு கம்பங்களும் ஒரே நேர்கோட்டில் வரும்படி செய்யுங்கள். ஒவ்வொரு நிலையிலும் கடிகார முகப்பின் வெவ்வேறு எண்களிலிருந்து வருவதுபோல வெவ்வேறு கோணங்களில் அனுப்புங்கள். பிறகு நான்கு, ஆறு, பன்னிரண்டு. ஒரு பயிற்சிக்கு ஐந்தாறு முறைக்கு மேல் வேண்டாம், முதுகு களைத்துவிடும். பத்தாவது கம்பத்தில் வெளியே வந்துவிடும் நாய்களுக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று களைப்பு. மற்றொன்று, கூட ஓடுபவர் அந்த இடத்திலேயே அடுத்த தடையை நோக்கித் தோளைத் திருப்பிவிடுவது. பெரும்பாலும் இரண்டாவதுதான்.

வெயிலைப் பற்றிச் சொல்லாமல் சிங்கப்பூரில் இந்த விளையாட்டைப் பற்றிப் பேச முடியாது. நாய்க்கு வியர்வை உள்ளங்காலில் மட்டுமே சிறிதளவு. மூச்சிரைத்து, நாக்கின் ஈரத்தை ஆவியாக்கித்தான் சூட்டை வெளியேற்றும். காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும் நம் ஊரில் அந்த ஆவியாதல் சரியாக நடக்காது. எனவே வெளிநாட்டுப் பயிற்சி அட்டவணைகளை இங்கே அப்படியே பின்பற்றக்கூடாது. காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். மாலையில் வெயில் தாழ்ந்தாலும் தரை சூடாக இருக்கும், புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பாருங்கள், வைக்க முடியாவிட்டால் நாயும் நடக்கக்கூடாது. தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் செயலியில் வெப்ப அழுத்த நிலை வெளியாகிறது. வெப்பத்தோடு காற்றின் ஈரம், வெயில், காற்றோட்டம் ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிடும் அந்த அளவு 31 டிகிரிக்குக் கீழே இருந்தால் குறைவு, 33 தொட்டால் அதிகம், இடையில் மிதம். அது மனிதருக்கான அளவு. ரோமம் போர்த்திய நாய்க்கு 'மிதம்' என்று காட்டும்போதே பயிற்சியைத் தள்ளிவைப்பதே சரி. நாக்கு அடர்சிவப்பாகி அகன்று தொங்குவது, எச்சில் பசைபோல் ஆவது, நடையில் தள்ளாட்டம் ஆகியவை வெப்பத் தாக்குதலின் அறிகுறிகள். உடனே நிழலுக்குக் கொண்டுபோய், குழாய்த் தண்ணீரை உடல் முழுதும் ஊற்றி விசிறுங்கள். குளிரவைக்கத் தொடங்கிய பிறகே மருத்துவமனைக்கு வண்டி தேடுங்கள். ஈரத்துண்டைப் போர்த்தி வைக்காதீர்கள், அது சூட்டை உள்ளே அடைத்துவிடும்.

போட்டிக்குப் பெயர் கொடுக்கும் முன் நாயின் உரிமமும் மைக்ரோசிப்பும் சரியாக இருக்கட்டும். மூன்று மாதத்திலிருந்து உரிமம் கட்டாயம். கருத்தடை செய்த நாய்க்கு ஆண்டுக்கு 15 வெள்ளி, செய்யாததற்கு 90 வெள்ளி.

போட்டி நாளில் நாய் இல்லாமல் கோர்ஸை, அதாவது தடைகள் வரிசையாக அமைந்த ஓட்டப் பாதையை, நடந்து பார்க்கச் சில நிமிடங்களே கொடுப்பார்கள். எண்களை மனப்பாடம் செய்வதிலேயே அந்த நேரத்தைச் செலவழிக்காதீர்கள். முதல் சுற்றில் வரிசை, இரண்டாவதில் நாயின் கண் உயரத்துக்குக் குனிந்து, அதற்கு எந்தத் தடை முதலில் தெரியும் என்று பாருங்கள். மூன்றாவதில் எங்கே பக்கம் மாறப்போகிறீர்கள் என்று ஓடிப்பாருங்கள். கம்பி விழுந்தால் 5 தவறுப் புள்ளி, தடை முன் நின்றாலோ விலகினாலோ 5, மூன்று முறை விலகினால் வெளியேற்றம், தவறான தடையை எடுத்தால் உடனே வெளியேற்றம். நேரமும் கணக்கில் வரும். 160 மீட்டர் கோர்ஸுக்கு விநாடிக்கு 4 மீட்டர் என்று நடுவர் வைத்தால் 40 விநாடி, அதற்கு மேல் ஒவ்வொரு விநாடிக்கும் ஒரு தவறுப் புள்ளி. களத்துக்குள் தீனியும் பொம்மையும் கொண்டுபோகக்கூடாது, வெளியே வந்ததும் கொடுக்க ஓரிடத்தில் வைத்துவிடுங்கள். முதல் போட்டியில் நாய் திடீரென்று தரையை முகரத் தொடங்கினால் அது பிடிவாதம் இல்லை, பதற்றம். அடுத்து வரும் எளிய தடை ஒன்றை மட்டும் எடுக்கவைத்து, பாராட்டிக்கொண்டே வெளியே ஓடி வந்துவிடுங்கள்.

அதிகாரிகளிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. திடல்களுக்கு வெளியே நாயைக் கயிற்றில்தான் வைத்திருக்க வேண்டும், அது சரியான விதி. ஆனால் பயிற்சி நிலையங்களைத் தவிர, கயிறில்லாத பயிற்சிக்குப் பொதுத் திடலைவிட்டால் வேறு இடமில்லை. அங்கே பத்து நாய்கள் ஓடி விளையாடும்போது ஒரு நாயைத் தடையில் கவனம் செலுத்த வைப்பது முடியாது, பாதுகாப்பும் இல்லை. வாரத்தில் இரண்டு நாள், காலை 6.30 முதல் 8 மணிவரை, ஏதாவது ஒரு திடலின் ஒரு பகுதியை முன்பதிவு செய்து பயிற்சிக்குப் பயன்படுத்த தேசியப் பூங்காக் கழகம் வழிசெய்தால் பேருதவியாக இருக்கும். தடைகளை அவர்கள் அமைத்துத் தர வேண்டியதில்லை. சமமான புல்தரை, வேலி, ஒரு தண்ணீர்க் குழாய் போதும். மற்றதை நாய் வளர்ப்பவர்களே தூக்கி வந்து, முடிந்ததும் எடுத்துப் போய்விடுவார்கள்.

இப்படிக்கு,
நாய்ப் பயிற்சியில் ஈடுபட்டுள்ள வாசகர்கள்,
ஈசூன்